கிளீனர் சைடு

அக்டோபர் 7, செவ்வாய்

அத்தாவின் வண்டியில், ஸ்டியரிங்குக்குப் பின்னால் மீட்டர் கண்ணாடியின் மேல் ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருக்கிறது. மெரூன் நிறம், சுண்டைக்காய் அளவு. எங்கள் வீட்டில் யாரும் பொட்டு வைப்பதில்லை.

நேற்றிலிருந்து நான் வண்டியில் போகிறேன். இதுவரை அம்மாதான் போய்க்கொண்டிருந்தாள். போன மாதம் காலாண்டு லீவு விட்டதும் அவளுக்கு வயிற்றில் ஆபரேஷன் ஆனது. மூன்று மாதம் மலைப்பாதையில் குலுங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பள்ளிக்கூட வேன் என்றால் பிள்ளைகளை ஏற்றி இறக்க ஒரு பெண் ஆள் கூட வரவேண்டும். ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்ட நான் வீட்டில்தானே இருக்கிறேன்.

எங்கள் தேவங்கொம்பு மலைமேல் இருக்கிறது. பள்ளிக்கூடம் அடிவாரத்தில். நடுவே ஒன்பது கொண்டை ஊசி வளைவு. பதினான்கு பிள்ளைகள், வளர்மதி டீச்சர், அத்தா, நான்.

கதவோரத்து சீட்தான் அம்மாவுடையது. அங்கே உட்கார்ந்தால் பள்ளம் தெரிகிறது. அதை டீச்சருக்குக் கொடுத்துவிட்டு, அத்தாவின் முதுகுக்குப் பின்னால் இருக்கிற ஒற்றை சீட்டில் உட்கார்ந்துகொண்டேன். அங்கே இருந்தால் யாரும் என் முகத்தைப் பார்க்க முடியாது. அத்தாவின் தோளுக்கு மேலாக அந்தப் பொட்டு மட்டும் தெரியும்.

அக்டோபர் 8, புதன்

பொட்டு அங்கேயேதான் இருக்கிறது. டீச்சரின் நெற்றியிலும் மெரூன்தான். நான் எதையும் கவனிக்கவில்லை.

அக்டோபர் 9, வியாழன்

ஐந்தரைக்கு எழுந்து வண்டியைக் கூட்டித் துடைத்தேன். சீட்டுக்கு அடியில் அரை முறுக்கு, ஒரு சாக்ஸ், பென்சில் சீவிய குப்பை, யாரோ துப்பிய மாத்திரை. அத்தா டீ டம்ளரோடு வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "நம்ம வண்டிக்கு இப்பத்தான் ஒரு நல்ல கிளீனர் கெடைச்சிருக்கு" என்றார்.

பக்கத்து வீட்டு நிலானி அதைக் கேட்டுவிட்டாள். யூகேஜிதான் படிக்கிறாள், ஆனால் அவள் காதில் விழுந்தால் ஊருக்கே விழுந்த மாதிரி. கீழே போய்ச் சேர்வதற்குள் வண்டி முழுக்க நான் கிளீனர் அக்கா. ஆறாம் வகுப்பு அஸ்வந்த் ஒவ்வொரு நிறுத்தத்திலும் தகரத்தைத் தட்டி, "கிளீனர் அக்கா, ரைட் சொல்லுங்க! நீங்க சொன்னாத்தான் அங்கிள் எடுப்பாரு" என்கிறான். எனக்குக் குரல் வரவில்லை. கடைசியில் அவனே "போலாம் ரைட்" என்று கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். டீச்சரும்.

படித்திருந்தால் இப்போது நான் பன்னிரண்டாம் வகுப்பு. அந்த வார்த்தை எனக்குப் பிடிக்கவில்லை.

ஐந்தாம் வளைவில் எதிரே மாடு வந்தது. வண்டி மெதுவாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அத்தா பிரேக்கை மிதித்தார். அவர் காலுக்கடியில் டர்ர்ர் என்று ஏதோ உதறியது. நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் வண்டி இன்னும் ஒரு முழம் நழுவிப் போய் நின்றது. மாட்டின் மூச்சு கண்ணாடியில் படிந்தது. பிள்ளைகள் மாட்டுக்கு டாட்டா காட்டினார்கள்.

அத்தாவின் பின்கழுத்து முழுக்க வியர்வை. ஏழரை மணிக் குளிரில்.

நான் பொட்டைப் பார்த்தேன். அதன் விளிம்பைச் சுற்றி மஞ்சளாக ஒரு கோடு தெரிந்தது.

அக்டோபர் 10, வெள்ளி

சாயங்காலம் அத்தா வாங்கி வந்த மாத்திரைகளை வண்டியிலேயே விட்டுவிட்டார். எடுக்கப் போன அம்மா திரும்பி வரவில்லை. நானும் போனேன். அம்மா டிரைவர் சீட்டில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, இங்க வாங்க. இது யாருது?"

"எது?"

"கண்ணுக்கு நேரா ஒட்டி வச்சிருக்கீங்கள்ல, இது."

"அதுவா, டீச்சரோடது."

"டீச்சரோடதா!"

"அட, நாந்தான்டி கேட்டு வாங்குனேன்."

"கேட்டு வேற வாங்குனீங்களா! நான் வயித்தை அறுத்துக்கிட்டுப் படுத்துக் கெடக்கேன், நீங்க ஊரான் வீட்டு பொம்பளைகிட்ட பொட்டு கேட்டு வாங்குறீங்க!"

அத்தா முதலில் விழித்தார். புரிந்ததும் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். சிரிக்கச் சிரிக்க அம்மாவுக்குக் கோபம் ஏறியது. கடைசியில் அத்தா சாவியைத் திருப்பி நகத்தால் பொட்டைப் பெயர்த்தார். அதற்கு அடியில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஒரு வட்டம், அதற்குள் ஏ.பி.எஸ். என்று எழுத்து.

"இந்த லைட்டை மறைக்கத்தான். அஸ்வந்தோட அப்பா அன்னிக்கு முன்னாடி ஏறி வந்தாருல்ல, என்ன பாய் ஏதோ எரியுதேன்னாரு. அவரு ஒரு வார்த்தை வெளிய சொன்னா போதும், நாளைக்கே நாலு புள்ளைக அடுத்த வண்டிக்குப் போயிரும். டீச்சர்ட்ட ஒரு பொட்டு குடுங்கன்னேன், குடுத்தாங்க."

"எரிஞ்சா என்னவாம்?"

"ஒண்ணுமில்ல. பிரேக்கெல்லாம் புடிக்கும். இது மேல்கொண்டு ஒரு பாதுகாப்பு. அவ்வளவுதான்."

அம்மா தையலில் கையை வைத்துக்கொண்டு வலிக்க வலிக்கச் சிரித்தாள். பொட்டில் பசை போய்விட்டது. அத்தா எச்சில் தொட்டு மறுபடியும் ஒட்டினார்.

நான் மட்டும் சிரிக்கவில்லை. அம்மா பயந்த மாதிரி டீச்சர் விஷயமாகவே இருந்திருக்கலாமே என்று ஒரு நொடி நினைத்துவிட்டேன். அல்லா மன்னிக்கட்டும்.

அக்டோபர் 11, சனி

வத்தலக்குண்டில் ஆரோக்கியம் அண்ணன் ஒர்க்ஷாப். அத்தாவுக்கு ரொம்ப நாள் பழக்கம். தீபாவளி நெருங்குவதால் வாசல் வரை வண்டிகள். எங்களைப் பார்த்ததும், "பாய், நீங்களுமா? ஒங்களுக்கு என்ன தீபாவளி?" என்று சத்தம் போட்டார். "நான் ஏத்துற புள்ளைகளுக்கெல்லாம் தீபாவளிதானே" என்றார் அத்தா.

ஆரோக்கியம் அண்ணன் ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு ஒயரைச் செருகி, கையில் இருந்த சின்ன மிஷினைப் பார்த்துக்கொண்டே பேசினார். ஒவ்வொரு சக்கரத்திலும் ஒரு சென்சார் இருக்கிறதாம். அந்தச் சக்கரம் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று வண்டியின் மூளைக்கு அதுதான் சொல்லும்.

"முன்வீல் ஒண்ணுல அது அப்பப்ப பொய் சொல்லுது பாய். சக்கரம் ஒழுங்கா சுத்திக்கிட்டு இருக்கும்போதே நின்னுபோச்சு, வழுக்குதுங்கும். மூளை அதை நம்பி பிரேக்கைக் கொஞ்சம் விட்டுக் குடுத்துரும். அதான் காலுல உதறுது."

"விட்டுக் குடுத்தா?"

"நிக்காது. உடனே நிக்காதுன்னு சொல்றேன். பொருள் மதுரையிலருந்து வரணும். வந்தா பஸ்ல போட்டு விடுறேன். ஒரே ஒரு போல்ட்டு, நீங்களே மாட்டிக்கலாம். நான் தீபாவளி வரைக்கும் தலை நிமிர முடியாது."

திரும்பி மேலே ஏறும்போது அத்தா பாட்டுப் போட்டார். நான் நான்கு சக்கரங்களையும் நினைத்துக்கொண்டே வந்தேன். எது பொய் சொல்லுகிறதோ.

அக்டோபர் 13, திங்கள்

இரண்டு தடவை உதறியது. மூன்றாம் வளைவிலும், பள்ளிக்கூட கேட்டிலும். கேட்டில் வாட்ச்மேன் ஒதுங்கிக்கொண்டார்.

நிலானி என் மடியில் தூங்கிவிட்டாள். பதினான்கு பிள்ளைகளுக்கும் அம்மா உண்டு. சாயங்காலம் ஒவ்வொருவரும் நிறுத்தத்தில் நின்று கையை நீட்டி வாங்கிக்கொள்கிறார்கள். என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

அக்டோபர் 15, புதன்

பொருள் நான்கு மணி பஸ்ஸில் வந்தது. கண்டக்டர் ஜன்னல் வழியாக நீட்டினார். சின்ன அட்டைப் பெட்டி. உள்ளே பென்சில் கட்டை அளவுக்கு ஒரு கறுப்புச் சாமான், அதிலிருந்து ஒரு நீள ஒயர். இவ்வளவுதானா என்று இருந்தது.

பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்ததும், வெளிச்சம் போவதற்குள் மாட்டிவிட வேண்டும் என்று அத்தா ஜாக்கியை எடுத்து முன்னால் படுத்துவிட்டார். கை முழுக்க கிரீஸ். அப்போது போன் அடித்தது.

"ரிசு, எடும்மா. ஆரோக்கியம்தான். எந்த வீலுன்னு கேளு, அன்னிக்குக் கேக்காம வந்துட்டேன்."

எனக்குப் போனில் பேச வராது. எடுத்துக் காதில் மட்டும் வைத்தேன்.

"அலோ, பாய்?"

"நான்... அவங்க மக."

"அப்பாட்ட சொல்லும்மா, கிளீனர் சைடு முன்வீல். கிளீனர் சைடு, என்ன? துருப் புடிச்சு ஒட்டிக்கிட்டு இருக்கும், ஒயரைப் புடிச்சு இழுக்க வேணாம்னு சொல்லு. வச்சுடுறேன்."

நான் கேட்பதற்கு முன்பே வைத்துவிட்டார்.

"என்னவாம்? எந்தப் பக்கம்?"

அந்த வார்த்தையை என் வாயால் சொல்லப் பிடிக்கவில்லை. நான் உட்காரும் ஜன்னலைத் தட்டிக் காட்டினேன். "எம்பக்கந்தான் அத்தா. முன்வீலு."

"இங்கிட்டா?" அத்தா படுத்தபடியே யோசித்தார். "சத்தம் அங்கிட்டு வந்த மாதிரியில்ல இருந்துச்சு. சரி, மிஷின் வச்சுப் பாத்தவருக்குத் தெரியாததா."

சக்கரத்தைக் கழற்றினார். உள்ளே பிரேக் தட்டுக்குப் பின்னால் அந்தச் சாமான் துருவோடு துருவாக ஒட்டியிருந்தது. ஒரு போல்ட். அது சுலபமாக வந்துவிட்டது. சென்சார்தான் வரவில்லை. துரு எண்ணெய் அடித்து, ஸ்குரூ டிரைவரை வைத்துத் தட்டித் தட்டி, அரைமணி நேரம். நான் போன் வெளிச்சத்தைப் பிடித்தேன். வந்ததும் அந்த ஓட்டையை உப்புத்தாளால் தேய்த்துத் துடைத்துவிட்டு, பிஸ்மி சொல்லிப் புதியதை உள்ளே விட்டார். ஒயரைப் பழையபடி கிளிப்புகளில் மாட்டி, மட்கார்டுக்கு உள்ளே இருந்த சாக்கெட்டில் செருகினார். டிக் என்று ஒரு சத்தம். "கேட்டியா? அந்தச் சத்தம் வரணும்" என்றார்.

பழையதைச் சுழற்றிப் பள்ளத்தில் வீசினார். "போ, பொய் சொல்லி."

சாவியைத் திருப்பினால் விளக்கு வந்தது, அணைந்தது. அணைந்தே இருந்தது. அத்தா பொட்டைப் பிய்த்து என் மூக்கில் ஒட்டினார். அம்மா வாசலில் நின்று கைதட்டினாள்.

அக்டோபர் 16, வியாழன்

உதறவில்லை! ஒன்பது வளைவிலும் இல்லை, கேட்டிலும் இல்லை. அத்தா பிள்ளைகளுக்குக் கடலை மிட்டாய் வாங்கிக் கொடுத்தார். இன்று நான் ஒருமுறை "ரைட்" சொன்னேன். நிலானிக்கு மட்டும் கேட்டது.

அக்டோபர் 17, வெள்ளி

இன்றோடு தீபாவளி லீவு. சாயங்காலம் ஏறும்போது ஆறாம் வளைவில் மர லாரி ஒன்று மாட்டிக்கொண்டது. அதன் இடப்பக்கம் பாறை, வலப்பக்கம் நாங்கள். லாரி டிரைவர் எட்டிப் பார்க்க முடியாமல் திணறினார். அத்தா இறங்கிப் போய் லாரியின் முன்னால் நின்று கையைக் காட்டினார்.

"கிளீனர் சைடு இன்னும் அரையடி கெடக்கு, வாங்க வாங்க! கிளீனர் சைடு ஒடிங்க!"

கையை அவர் பாறைப் பக்கம்தான் காட்டினார்.

நான் டீச்சரிடம் மெதுவாகக் கேட்டேன். அவரிடம் நானாகப் பேசியது இதுதான் முதல் தடவை.

"டீச்சர், கிளீனர் சைடுன்னா என்ன?"

"லாரில கிளீனர் உக்காருற பக்கம். டிரைவருக்கு எதிர்ப்பக்கம். நம்ம வண்டின்னா இந்தா, நான் உக்காந்திருக்கேன்ல, இந்தப் பக்கம்."

"கிளீனர் வேற எடத்துல உக்காந்தா?"

"எங்க உக்காந்தாலும் பேரு அதான். ஏன் கேக்குற?"

சும்மா என்றேன்.

லாரி போய்விட்டது. டீச்சர் எனக்கு ஒரு டப்பாவில் அதிரசம் கொடுத்தார்.

அக்டோபர் 18, சனி

துணி துவைத்தேன். கொத்தமல்லி காய வைத்தேன். அம்மாவுக்குக் கஞ்சி. வேறொன்றும் இல்லை.

அக்டோபர் 20, திங்கள்

தெருவில் வெடி. அத்தா படுத்திருந்தார். வண்டியைக் கழுவலாம் என்று போனேன். முன்சக்கரங்களுக்கு உள்ளே எட்டிப் பார்த்தேன். டிரைவர் பக்கத்தில் ஒயர் கறுப்பாகப் பளபளவென்று இருக்கிறது. எதிர்ப்பக்கத்து ஒயரில் சேறு காய்ந்து மண்புழு மாதிரி தொங்குகிறது.

சும்மாதான் பார்த்தேன்.

விளக்கு இப்போது எரிவதில்லை. உதறலும் இல்லை. ஒருவேளை இரண்டுமே கெட்டுப்போய், ஒன்றை மாற்றினால் போதும் என்று ஆகியிருக்கலாம். ஒருவேளை ஆரோக்கியம் அண்ணன் டிரைவர் சைடு என்று சொல்லித்தான் எனக்கு வேறு மாதிரிக் கேட்டிருக்கலாம்.

அக்டோபர் 21, செவ்வாய்

அவர் சொன்னது கிளீனர் சைடு. இரண்டு தடவை சொன்னார்.

நான் என்னைத்தான் சொல்கிறார் என்று நினைத்துவிட்டேன். எழுதும்போதே முகம் சுடுகிறது. நல்ல சென்சாரைத் தட்டித் தட்டிக் கழற்றிப் பள்ளத்தில் எறிந்துவிட்டோம். பொய் சொல்கிறது இன்னும் வண்டியிலேயே இருக்கிறது. டீச்சருக்குக் கீழே.

நாளை பள்ளிக்கூடம். காலையில் சொல்லிவிடுவேன். என்ன சொல்ல வேண்டும் என்று இங்கே எழுதிப் பார்த்தேன். அத்தா, ஒரு விஷயம். இவ்வளவுதான் எழுத முடிந்தது.

அக்டோபர் 22, புதன்

விடிந்ததிலிருந்து மழை. அத்தா மழை அங்கியைத் தேடினார், கிடைக்கவில்லை. நிலானி செருப்பைத் தொலைத்துவிட்டு அழுதாள். சொல்ல நேரமே இல்லை.

நான்காம் வளைவில் உதறியது. அத்தா "ம்?" என்றார், வண்டியிடம் கேட்கிற மாதிரி. எட்டில் மறுபடியும். மஞ்சள் விளக்கு வந்துவிட்டது. கண்ணாடியில் அத்தாவின் கண்கள் என்னைப் பார்த்தன. நான் வெளியே பார்த்தேன்.

சாயங்காலம் ஒரு துண்டுத்தாளில் முழுவதையும் எழுதி, அத்தாவின் சட்டைப் பையில் வைத்தேன்.

அக்டோபர் 23, வியாழன்

அத்தா இன்று வேறு சட்டை போட்டுக்கொண்டு போனார். அந்தச் சட்டையை நான்தான் துவைத்தேன். பையைப் பார்க்க மறந்துவிட்டேன்.

அக்டோபர் 24, வெள்ளி

அத்தா ஆரோக்கியம் அண்ணனிடம் பேசினார். நான் அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டு கேட்டேன்.

"புதுசு மாட்டியாச்சு... ஆமா, நீங்க சொன்ன வீல்லதான்... அதான் எனக்கும் புரியல. அந்த மூளைப் பெட்டியவே பிரிச்சுப் பாக்கணுமா? ரெண்டு நாள் வண்டிய விடணுமா? ரெண்டு நாள் யாரு புள்ளைகளைக் கொண்டு போறது?"

நீங்க சொன்ன வீல்லதான். கத்தி விரலில் இறங்கியது. அம்மா மஞ்சள் வைத்துக் கட்டினாள். "என்னடி, கவனம் எங்க இருக்கு? காய்ச்சலா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். "அம்மாவுக்குச் சரியாகற வரைக்கும்தான்டி. அப்புறம் நான் போயிக்குவேன், ஒன்னை அனுப்ப மாட்டேன்" என்றாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்து போனாள்.

கதவோரத்து சீட்டில் அம்மா உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்த்தேன்.

அக்டோபர் 26, ஞாயிறு

மத்தியானம் அத்தா டேஷ்போர்டுக்குக் கீழே குனிந்து எதையோ பிடுங்கிக்கொண்டிருந்தார். சின்ன நீல நிறத் துண்டு. பியூஸ். அதைச் சிகரெட் பெட்டியில் போட்டு வைத்தார். நான் நிற்பதைப் பார்த்துவிட்டு, தானாகவே சொன்னார்.

"இனிமே உதறாது. அந்த மூளைக்கு வேலையே இல்ல. அந்தக் காலத்து வண்டி மாதிரி நம்ம காலு, நம்ம பிரேக்கு. எங்கத்தா முப்பது வருசம் அப்படித்தான் ஓட்டுனாரு."

"மழையில?"

"மழையிலயுந்தான். கொஞ்சம் பாத்து மிதிக்கணும். வழுக்குனா சக்கரம் பூட்டிக்கும், அவ்வளவுதான்." பிறகு, "அம்மாட்ட சொல்லாத, சும்மாவே பயப்படுவா" என்றார்.

சக்கரம் பூட்டிக்கொண்டால் ஸ்டியரிங் திருப்பினாலும் வண்டி திரும்பாது. இதை அத்தாதான் எனக்கு முன்பொரு நாள் சொல்லியிருக்கிறார். இப்போது சொல்லவில்லை.

விளக்குக்கு மேல் இன்சுலேஷன் டேப் ஒட்டியிருக்கிறார். பொட்டு தீர்ந்துவிட்டது போல.

அக்டோபர் 27, திங்கள்

சாயங்காலம் எழுதுகிறேன். நடந்ததை நடந்தபடி எழுதப் பார்க்கிறேன்.

இரவெல்லாம் பெய்த மழை காலையிலும் விடவில்லை. சில்வர் ஓக் இலைகள் ரோடு முழுக்க ஒட்டிக் கிடந்தன. அத்தா பாட்டுப் போடவில்லை. இரண்டாவது கியரிலேயே இறங்கினார். பிள்ளைகள் கண்ணாடியில் ஆவி ஊதிப் பெயர் எழுதிக்கொண்டிருந்தார்கள். டீச்சர் பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தார். நான் ஒவ்வொரு வளைவாக எண்ணினேன். ஆறு தாண்டியது.

ஏழாம் வளைவில் கீழேயிருந்து பஸ் ஏறி வந்தது. ஹாரன் அடித்தது. பஸ்ஸுக்கு இடம் விட்டு, பள்ளத்தை ஒட்டி ஒதுங்கி நிற்க வேண்டும். அத்தா மிதித்தார். உதறல் இல்லை. சத்தமே இல்லை. சக்கரம் சுற்றாமல் வண்டி போனது. அத்தா ஸ்டியரிங்கைத் திருப்பினார், இன்னும் திருப்பினார், வண்டி நேராகத்தான் போனது. ரொம்ப நிதானமாகப் போன மாதிரி இருந்தது. அத்தா "யா அல்லா" என்றது கேட்டது. பிறகு டங் என்று ஓரத்து வெள்ளைக்கல்லில் முட்டி நின்றது.

கல் சாய்ந்துவிட்டது. விழவில்லை.

பஸ் எங்களைக் கடந்து போய்விட்டது. யாருடைய தண்ணீர் பாட்டிலோ பின்னாலிருந்து உருண்டு வந்து என் காலில் பட்டது. அஸ்வந்த், "அங்கிள், இன்னொரு தடவ!" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. அவர் ஜன்னலுக்குக் கீழே ரோடு இல்லை. மரங்களின் தலைதான் இருந்தது. சிவப்புப் பேனா அவர் மடியில் கோடு போட்டிருந்தது.

அத்தா ரிவர்ஸ் போட்டு இரண்டு மூன்றடி பின்னால் எடுத்தார். கைப்பிரேக்கை இழுத்தார். கீழே இறங்கினார். நானும் இறங்கிப் போனேன். மழையில் நின்று அவர் கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணுமில்லம்மா. எல கெடந்துச்சு. போய் உக்காரு."

"அத்தா, அன்னிக்கு ஆரோக்கியம் அண்ணன் போன்ல கிளீனர் சைடுன்னாரு."

"என்ன?"

மழைச் சத்தத்தில் கேட்கவில்லை. இன்னும் சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது.

"கிளீனர் சைடுன்னாரு! நான் நாந்தான் கிளீனர்னு நெனச்சு எம்பக்கம்னு காட்டிட்டேன். மாட்டுனது தப்பான வீலு. கெட்டது இந்தா இதுல இருக்கு."

அத்தா வலப்பக்கச் சக்கரத்தைப் பார்த்தார். இடப்பக்கச் சக்கரத்தைப் பார்த்தார். பிறகு என்னை.

"எப்பத் தெரியும் ஒனக்கு?"

"பதினேழாந் தேதி."

"இன்னிக்கு?"

"இருவத்தேழு."

அடிப்பார் என்று நினைத்தேன். கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அவர் தலைத்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைக்கத் துடைக்க நனைந்தது.

"பியூஸைப் புடுங்குனது நானு" என்றார். வேறு யாரிடமோ சொல்கிற மாதிரி இருந்தது. அவர் கைகளை நான் பார்க்காமல் இருக்க, துண்டைச் சுற்றி இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"சரி. ஏறு. மொத கியர்லயே போயிரலாம். இன்னும் ரெண்டே வளைவு. இவங்களை விட்டுட்டு நேரா ஒர்க்ஷாப்பு."

"வேணாம் அத்தா."

"ஏறுன்னா ஏறு. பதினாலு புள்ளைகளை இங்க மழையில நிப்பாட்டுனா ஊருக்கே தெரிஞ்சுரும். நாளைக்கு ஒருத்தன் அனுப்புவானா? அம்மாவ எப்படிப் பாக்குறது, சொல்லு. ரெண்டே வளைவு."

"வேற வண்டிக்குச் சொல்லுவோம்."

"ரிசு!"

அவர் போய் சீட்டில் உட்கார்ந்தார். இன்ஜின் போட்டார். உள்ளேயிருந்து டீச்சர், "என்ன பாய், போலாமா?" என்று கேட்டார். அவர் குரலும் சரியாக இல்லை.

"போலாம் டீச்சர். சும்மா எல. ரிசு, கதவைச் சாத்திட்டு ஏறு."

அஸ்வந்த் தகரத்தைத் தட்டினான். "கிளீனர் அக்கா, ரைட் சொல்லுங்க!"

நான் வண்டியைச் சுற்றிப் பின்பக்கம் போனேன். அவசரக் கதவின் கம்பி துருப்பிடித்து இறுகியிருந்தது. இரண்டு கையாலும் தூக்கித் திறந்தேன். கடைசி சீட்டில் நிலானி இருந்தாள். முதலில் அவள் பையை வாங்கி எதிரே பாறையடியில் வைத்தேன். பிறகு அவளைத் தூக்கி இறக்கி, பைக்குப் பக்கத்தில் நிற்க வைத்துவிட்டு, அடுத்த பிள்ளைக்குக் கையை நீட்டினேன்.